பழைய பிளான்காரர்கள்

2010 ஜூன் 7 அன்று அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனம் ஸ்மார்ட்போன்களுக்கு இரண்டு புதிய டேட்டா பிளான்களைக் கொண்டுவந்தது. 15 டாலருக்கு 200 எம்பி, 25 டாலருக்கு 2 ஜிபி. அதுவரை மாதம் 30 டாலருக்குக் கொடுத்துவந்த அன்லிமிடெட் டேட்டா பிளான் இனிப் புதிதாகச் சேர்பவர்களுக்குக் கிடையாது என்று சொன்னது. கூடவே ஓர் ஆறுதல்: ஏற்கெனவே அந்தப் பிளானில் இருப்பவர்கள் விரும்பும்வரை அதிலேயே தொடரலாம்.

அந்த ஆறுதலை நம்பி இருந்தவர்கள் பல லட்சம் பேர். அடுத்த ஏழெட்டு ஆண்டுகளில் அவர்களுக்கு என்ன நடந்தது என்பதை ஆர்வத்தோடும் கோபத்தோடும் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். என் கைபேசிக்கும் அதே கதி வேறொரு கம்பெனியிடம் நேர்ந்ததால் வந்த ஆர்வம் இது. படிக்கப் படிக்க ஒன்று தெளிவாயிற்று. பிளானை ரத்து செய்தால் கெட்ட பெயர், வழக்கு, செய்தித்தாளில் தலைப்பு. அதனால் ரத்து செய்யமாட்டார்கள். வைத்திருப்பவரே "போதும்டா சாமி" என்று தானாக விட்டுவிட்டுப் போகும்படி செய்வார்கள். போன பிறகு, "வாடிக்கையாளரே விரும்பித்தான் மாறினார்" என்று பதிவேட்டில் எழுதிக்கொள்ளலாம்.

முதலில் கம்பெனிகளின் பக்கத்தையும் பார்த்துவிடுவோம். 2007-இல் ஐபோன் வந்தபோது அமெரிக்காவில் அதை ஏடி அண்ட் டி மட்டுமே விற்றது. கைபேசியில் இணையத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அப்போது பெரும்பாலோருக்குத் தெரியாது. மின்னஞ்சல் பார்ப்பார்கள், வரைபடம் பார்ப்பார்கள், அவ்வளவுதான். எம்பி கணக்குப் போட்டு விற்றிருந்தால் யாரும் தொட்டே பார்த்திருக்கமாட்டார்கள். பயமில்லாமல் பயன்படுத்திப் பழகட்டும் என்றுதான் அளவில்லாத டேட்டாவைக் கொடுத்தார்கள். மக்கள் பழகினார்கள். எதிர்பார்த்ததைவிட வேகமாகவும் அதிகமாகவும் பழகினார்கள். நியூயார்க்கிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் நெட்வொர்க் திணறியது. பேசிக்கொண்டிருக்கும்போதே அழைப்பு அறுந்துபோவதாகப் புகார்கள் குவிந்தன. நெருக்கடி பொய்யில்லை. அலைக்கற்றை எல்லையில்லாமல் கிடைக்கும் பொருள் அல்ல என்பதையும் யாரும் மறுக்கமுடியாது.

ஆனால் அந்த நெருக்கடி எப்போது, எங்கே, எப்படி வருகிறது என்பதைப் பார்க்கவேண்டும். விவகாரத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

ஒரு டவரின் ஒரு பக்கத்தில் நிற்கும் எல்லாக் கைபேசிகளும் ஒரே அலைக்கற்றையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. 4ஜி எல்டிஇ முறையில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஓர் அலைவரிசையை 100 சிறு துண்டுகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொன்றும் 180 கிலோஹெர்ட்ஸ். டவரில் இருக்கும் ஷெட்யூலர் என்ற மென்பொருள் ஒரு மில்லிசெகண்டுக்கு ஒரு முறை, எந்தத் துண்டு எந்தக் கைபேசிக்கு என்று முடிவு செய்கிறது. ஒரு நொடியில் ஆயிரம் முறை பங்கு பிரிக்கிறது. பக்கத்தில் யாரும் இல்லையென்றால் நூறு துண்டும் உங்களுக்கே வரலாம். நூறு பேர் ஒரே நேரத்தில் வீடியோ பார்த்தால் ஆளுக்குக் கொஞ்சம் கொஞ்சம். அடுத்த நொடி பாதிப் பேர் போனைப் பைக்குள் போட்டுவிட்டால் மறுபடி தாராளம்.

ஆக, நெரிசல் என்பது இந்த நொடியில், இந்த டவரில் இருப்பது. மாதம் முழுக்கச் சேர்த்து நீங்கள் எத்தனை ஜிபி இழுத்தீர்கள் என்பதற்கும் அதற்கும் நேரடித் தொடர்பு குறைவு. ஊர் உறங்கும் பின்னிரவில் 10 ஜிபி இறக்கியவரால் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. மாலை ஆறு மணிக்கு நெரிசலான ரயில் நிலையத்தில் அரை ஜிபி வீடியோ பார்த்தவர் பக்கத்தில் நிற்பவரின் பங்கைக் குறைக்கிறார். டேட்டாவைத் தண்ணீர்த் தொட்டி மாதிரி பேசிப் பேசி நம்மைப் பழக்கிவிட்டார்கள். ஒருவர் எடுத்தால் தொட்டியில் குறையும் என்ற கணக்கு இங்கே செல்லாது. பயன்படுத்தாத அலைக்கற்றையை நாளைக்கு என்று சேமித்து வைக்கவே முடியாது. அந்த மில்லிசெகண்டு போனால் போனதுதான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஏடி அண்ட் டி செய்ததைப் பாருங்கள். 2011 அக்டோபரிலிருந்து, அன்லிமிடெட் பிளானில் மிக அதிகமாகப் பயன்படுத்தும் 5 சதவீதத்தினரின் வேகத்தைக் குறைக்கத் தொடங்கியது. அந்த 5 சதவீதத்துக்கான எல்லை ஊருக்கு ஊர் மாறியது. எதைத் தாண்டினால் அடி விழும் என்று வாடிக்கையாளருக்கே தெரியாது. புகார் கிளம்பியதும் 2012 மார்ச்சில் ஒரு நிலையான எல்லை வைத்தார்கள்: 3ஜி போன்களுக்கு மாதம் 3 ஜிபி, எல்டிஇ போன்களுக்கு 5 ஜிபி. அதைத் தாண்டினால் அந்த மாத பில் முடியும்வரை வேகம் சரியும். டவரில் கூட்டம் இருக்கிறதா இல்லையா என்பது கணக்கிலேயே இல்லை. ஆளே இல்லாத டவருக்குக் கீழே தனியாக நின்றாலும் அதே தண்டனை.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். அதே ஆண்டு ஜனவரியில் அதே நிறுவனம் புதிய வாடிக்கையாளர்களுக்கு 30 டாலருக்கு 3 ஜிபி பிளானை விற்றது. அவர்கள் 3 ஜிபியைத் தாண்டினால் வேகம் குறையாது. கூடுதல் ஜிபி ஒன்றுக்கு 10 டாலர் கட்டிவிட்டு முழு வேகத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம். பழைய பிளான்காரரும் புதிய பிளான்காரரும் ஒரே டவரின் கீழ், ஒரே நேரத்தில், ஒரே மாதிரி 3ஜி போனோடு நிற்கிறார்கள். இருவரும் மாதம் 30 டாலர் கட்டுகிறார்கள். இருவரும் நாலாவது ஜிபிக்குப் போகிறார்கள். ஒருவருக்கு நெட் ஊர்கிறது, மற்றவருக்குப் பறக்கிறது. அலைக்கற்றைத் தட்டுப்பாடுதான் காரணம் என்றால், 10 டாலர் நோட்டைப் பார்த்ததும் அந்தத் தட்டுப்பாடு எங்கே போயிற்று?

வாடகை ஒப்பந்தம் இருப்பதால் குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்லமுடியாத வீட்டுக்காரர், தண்ணீர் மோட்டாரை மட்டும் நிறுத்திவிட்டு, "நான் எங்கே போகச் சொன்னேன்? தாராளமாக இருங்கள்" என்று சொல்வது போன்றது இது. ஒப்பந்தத் தாளில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது. வீட்டில் மட்டும் இருக்கமுடியாது.

அமெரிக்காவின் வர்த்தக ஆணையமான எஃப்டிசி 2014 அக்டோபரில் இதற்காக ஏடி அண்ட் டி மீது வழக்குத் தொடுத்தது. குறைந்தது 35 லட்சம் வாடிக்கையாளர்களின் வேகத்தை இரண்டரைக் கோடி முறைக்கு மேல் குறைத்திருக்கிறார்கள் என்றும், சிலருக்கு வேகம் 90 சதவீதம் அளவுக்கு விழுந்தது என்றும், வெறும் 2 ஜிபி பயன்படுத்தியவர்கள்கூட மாட்டினார்கள் என்றும் அந்த மனு சொன்னது.

90 சதவீத வேகம் போனால் எப்படி இருக்கும் என்பது அனுபவித்தவருக்குத்தான் தெரியும். எனக்கு என் கம்பெனி இதைச் செய்தபோது நெட் சுத்தமாக நின்றுபோகவில்லை. நின்றுபோயிருந்தால் புகார் கொடுக்க வசதியாக இருந்திருக்கும். வரைபடத்தில் என்னைக் காட்டும் நீலப் புள்ளி மட்டும் நகர்ந்துகொண்டே இருக்கும், சுற்றிலும் தெருவே இல்லாத சாம்பல் நிற வெறுமை. திருப்பம் தாண்டிய பிறகு தெரு வரும். வாட்ஸ்அப்பில் எழுத்து போகும், படம் மங்கலாகவே நிற்கும், அதன்மேல் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பணம் அனுப்பும் செயலியில் பொத்தானை அழுத்தினால் போயிற்றா போகவில்லையா என்று தெரியாது. மறுபடி அழுத்தவும் பயம். சிக்னல் கோடுகள் மட்டும் மேலே முழுசாக நிற்கும். பார்ப்பவர் யாரும் நம்பமாட்டார்கள். "உன் போன் பழசாயிடுச்சு, மாத்து" என்பார்கள்.

அந்த நாட்களில் கம்பெனியிடமிருந்து குறுஞ்செய்தி வரத் தொடங்கியது. மதிப்புமிக்க வாடிக்கையாளரே, உங்களுக்காகவே மேம்பட்ட புதிய பிளான், இன்றே மாறுங்கள். வேகம் விழுந்த மறுநாள் இந்தச் செய்தி வருவது தற்செயல் என்று முதலில் நினைத்தேன். அடுத்தடுத்த மாதங்களிலும் அதே வரிசையில் வந்தது. கஸ்டமர் கேரைக் கூப்பிட்டேன்.

"மேடம், உங்க பிளான் இப்போ டிஸ்கன்டினியூ ஆகிடுச்சு மேடம்."

"நான் மாசாமாசம் பணம் கட்டிக்கிட்டுத்தானே இருக்கேன்?"

"ஆமா மேடம். நீங்க கன்டினியூ பண்ணலாம். ஆனா எங்க சிஸ்டம்ல அதுக்கு இப்போ சப்போர்ட் இல்ல. அதைவிட பெட்டர் பிளான் ஒண்ணு இருக்கு."

"அதுல அன்லிமிடெட் இருக்கா?"

"மாசத்துக்கு ஒரு லிமிட் இருக்கு மேடம். ஆனா உங்க யூசேஜுக்கு அது தாராளம்."

அந்தப் பெண்ணின் மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. முன்னால் இருக்கும் திரையில் வந்ததைப் படித்தாள். அந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்குள் தங்கிவிட்டது. "உங்க யூசேஜுக்கு தாராளம்." உலகம் முழுக்க எல்லாக் கம்பெனிகளும் சொல்லும் வாக்கியம் இது. ஏடி அண்ட் டியும் 2010-இல் இதையேதான் சொன்னது: எங்கள் ஸ்மார்ட்போன் வாடிக்கையாளர்களில் 98 சதவீதம் பேர் சராசரியாக 2 ஜிபிக்குக் கீழேதான் பயன்படுத்துகிறார்கள், 65 சதவீதம் பேர் 200 எம்பிக்குக் கீழே.

புள்ளிவிவரம் சரியாகவே இருக்கட்டும். 2010-இன் தாராளம் 2013-இல் பஞ்சம். நாம் மாறாமல் இருந்தாலும் போனுக்குள் இருப்பவை மாறிக்கொண்டே இருக்கின்றன. வீடியோ நாம் தொடாமலே ஓடத் தொடங்கியது, புகைப்படம் தானாக மேகக் கிடங்குக்கு ஏறத் தொடங்கியது, செயலிகளின் அப்டேட் கனமாகிக்கொண்டே போனது. ஒரு வாடிக்கையாளரின் உபயோகத்தைக் கூட்டியதில் பெரும்பங்கு அவருடைய ஆசைக்கு அல்ல, அடுத்தவர்கள் எழுதிய மென்பொருளுக்கு. அன்லிமிடெட் பிளான் வாங்கியவர் அன்றைய உபயோகத்துக்காக மட்டும் அதை வாங்கவில்லை. நாளைக்கு என்ன வந்தாலும் எண்ணிக்கொண்டிருக்கவேண்டாம் என்ற நிம்மதிக்காக வாங்கினார். ஆரம்பத்தில் 200 எம்பிகூடத் தாண்டாமல் ஆண்டுக்கணக்கில் 30 டாலர் கட்டியவர்கள் இருந்தார்கள். அந்தப் பணத்தை நிறுவனம் மகிழ்ச்சியாக வாங்கிக்கொண்டது. அவர்கள் உண்மையிலேயே பயன்படுத்தத் தொடங்கிய காலம் வந்தபோதுதான் பிளான் சுமையாகிப்போனது. குறைவாகப் பயன்படுத்திய ஆண்டுகளின் மிச்சத்தை யாரும் திருப்பித் தரவில்லை. எனக்கு மனம் ஆறாத இடம் இதுதான்.

வேகத்தைக் குறைப்பது ஒரு வழி. வேறு வழிகளும் இருந்தன, ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சின்னதாகவே தெரியும். 2012-இல் ஐபோனில் ஃபேஸ்டைம் வீடியோ அழைப்பு மொபைல் டேட்டாவிலும் வேலை செய்யும் என்று ஆப்பிள் அறிவித்தபோது, ஏடி அண்ட் டி அதைத் தன் புதிய பகிர்வுப் பிளான்காரர்களுக்கு (ஒரே டேட்டா அளவைப் பல கருவிகள் பங்கிட்டுக்கொள்ளும் பிளான்) மட்டும் திறந்துவிட்டது. பழைய அன்லிமிடெட்காரர்கள் வைஃபை தேடவேண்டும். எதிர்ப்பு வந்த பிறகுதான் படிப்படியாக இறங்கிவந்தார்கள். அதே 2012-இல் இன்னொரு பெரிய அமெரிக்கக் கைபேசி நிறுவனமான வெரைசன், பழைய அன்லிமிடெட்டை வைத்துக்கொண்டு தள்ளுபடி விலையில் புதுப் போன் வாங்கமுடியாது என்றது. போனுக்கு முழு விலை கொடுத்தால் பிளான் தங்கும், தள்ளுபடி வேண்டுமென்றால் பிளானைக் கொடுத்துவிட வேண்டும். 2015 நவம்பரில் அந்தப் பிளானின் விலையை மாதம் 20 டாலர் ஏற்றியது, 29.99 ஆக இருந்தது 49.99 ஆயிற்று. ஏடி அண்ட் டி 2016-இல் 30-ஐ 35 ஆக்கி, 2017-இல் 40 ஆக்கியது.

ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் பேர் உதிர்ந்தார்கள். மிஞ்சியவர்கள் பிடிவாதக்காரர்கள். 2016-இல் வெரைசன் நேரடியாகவே வந்துவிட்டது: ஒப்பந்தக் காலம் முடிந்த அன்லிமிடெட்காரர்களில் மாதம் 100 ஜிபிக்கு மேல் போகிறவர்கள் ஆகஸ்ட் 31-க்குள் அளவுள்ள பிளானுக்கு மாறவேண்டும், இல்லாவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படும். இதை நான் முழுக்கக் குறை சொல்லமாட்டேன். ஒப்பந்தம் முடிந்தவர்கள், முன்னறிவிப்பும் இருந்தது, சொன்னதை நேராகச் சொன்னார்கள். ஆனால் ஆறு மாதம்கூட ஆகவில்லை. 2017 பிப்ரவரியில் அதே வெரைசன், ஒரு இணைப்புக்கு 80 டாலர் என்று புதிய அன்லிமிடெட் பிளானை எல்லோருக்கும் விற்கத் தொடங்கியது. போட்டி நிறுவனங்களான டி-மொபைலும் ஸ்பிரிண்டும் அன்லிமிடெட்டைக் காட்டி ஆட்களை இழுத்துக்கொண்டிருந்தன. போட்டி வந்ததும் அளவில்லாத டேட்டா மறுபடி சாத்தியமாகிவிட்டது. இத்தனைக்கும் நடுவில் பௌதிக விதி எதுவும் மாறவில்லை.

இந்தப் புதிய அன்லிமிடெட்டில் ஒரு நல்ல மாற்றம் இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். 22 ஜிபி தாண்டினால், டவரில் நெரிசல் இருக்கும்போது மட்டும் உங்களுக்குப் பின்வரிசை. நெரிசல் இல்லையென்றால் முழு வேகம். ஏடி அண்ட் டியும் 2015-இல் தன் பழைய பிளான்காரர்களுக்கு இந்த முறைக்கே வந்துசேர்ந்தது. முன்னால் சொன்ன ஷெட்யூலர் நொடிக்கு ஆயிரம் முறை முடிவெடுக்கிறதல்லவா, அதற்கு யாரை முன்னால் வைப்பது, யாரைப் பின்னால் வைப்பது என்று சொல்லிக்கொடுத்தால் போதும். இது நியாயமான வழி என்றே நினைக்கிறேன். முதல் நாளிலேயே இதைச் செய்திருக்கலாம் என்பதும், செய்யவில்லை என்பதும்தான் வலிக்கிறது.

வெரைசனும் 2014-இல் தன் எல்டிஇ அன்லிமிடெட்காரர்களில் அதிகம் பயன்படுத்தும் 5 சதவீதத்தினரின் வேகத்தைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. அப்போது தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் தலைவராக இருந்த டாம் வீலர் ஒரு கடிதம் எழுதினார். நெட்வொர்க் நிர்வாகம் என்பது தொழில்நுட்பம் சார்ந்தது, வருமானத்தைப் பெருக்கிக்கொள்ள அதில் சந்து தேடக்கூடாது என்பது அதன் சாரம். வெரைசன் அக்டோபரில் திட்டத்தைக் கைவிட்டது. ஒரு கடிதத்துக்கு அவ்வளவு வலு இருந்திருக்கிறது.

தனி மனிதர் கேட்டால் என்ன நடக்கும்? 2012 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் சிமி வேலியில் ஓர் ஐபோன் வாடிக்கையாளர் சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போய், வேகத்தைக் குறைத்ததற்காக ஏடி அண்ட் டியிடமிருந்து 850 டாலர் இழப்பீடு பெறும் தீர்ப்பை வாங்கினார். வக்கீல் இல்லாமல் ஒருவர் தனியாக நின்று வாங்கிய தீர்ப்பு. லட்சக்கணக்கானோர் சேர்ந்து ஒரே வழக்காகப் போட்டிருக்கலாமே என்று தோன்றும். முடியாது. ஒப்பந்தத்தின் பொடி எழுத்தில், கூட்டு வழக்கு போடமாட்டேன், தகராறு வந்தால் நீதிமன்றத்துக்கு வெளியே தனித்தனியாக நடுவர் முன்புதான் பேசிக்கொள்வேன் என்று கையெழுத்து வாங்கியிருப்பார்கள். 2011 ஏப்ரலில் ஏடி அண்ட் டி மொபிலிட்டி எதிர் கன்செப்சியோன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அந்த விதி செல்லும் என்று சொல்லிவிட்டது. அந்த வழக்கு எதிலிருந்து கிளம்பியது தெரியுமா? இலவசம் என்று சொல்லிக் கொடுத்த போனுக்கு வசூலித்த 30 டாலர் 22 சென்ட் விற்பனை வரி. அந்தச் சின்னத் தொகைக்கான சண்டையில் பிறந்த தீர்ப்பு, அதன்பின் கோடிக்கணக்கான வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராகப் பிரித்து நிறுத்திவிட்டது. தலைக்குச் சில டாலர் நஷ்டத்துக்காக எத்தனை பேர் வேலையை விட்டுவிட்டு நடுவரிடம் போவார்கள்? கணக்குத் தெரிந்துதான் எழுதியிருக்கிறார்கள்.

எஃப்டிசி வழக்கோ ஐந்தாண்டு இழுத்தது. தொலைபேசி நிறுவனம் என்பதால் எங்களை விசாரிக்க எஃப்டிசிக்கு அதிகாரமே இல்லை என்று ஏடி அண்ட் டி வாதாடியது. 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூவர் அமர்வு அதை ஏற்றுக்கொண்டது. 2018 பிப்ரவரியில் பெரிய அமர்வு அதைத் திருப்பிப்போட்டது. 2019 நவம்பரில் 6 கோடி டாலருக்குச் சமரசம். 35 லட்சம் பேருக்கு வகுத்துப் பார்த்தால் தலைக்கு 17 டாலர் சொச்சம். பழைய பிளானில் அவர்கள் கட்டிய ஒரு மாதக் கட்டணத்தைவிடக் குறைவு. 2011-இல் நடந்ததற்கு, அடுத்தடுத்துப் பல போன் மாற்றிய பிறகு வந்த காசு.

படம் பார்க்க முடியாமல் போவது பெரிய துயரமா என்று கேட்பவர்கள் உண்டு. 2018 ஜூலையில் கலிபோர்னியாவில் மென்டசீனோ காட்டுத் தீ எரிந்தபோது, சான்டா கிளாரா மாவட்டத் தீயணைப்புத் துறையின் கட்டுப்பாட்டு வண்டியின் இணைய வேகத்தை வெரைசன் குறைத்துவிட்டது. அந்த மாநிலத்தின் வரலாற்றில் அதுவரை பதிவானதிலேயே மிகப் பெரிய தீ அது. எந்த வண்டி எங்கே போகவேண்டும், ஆட்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதெல்லாம் அந்த வண்டியிலிருந்துதான் ஒருங்கிணைக்கப்பட்டது. துறை வைத்திருந்தது அன்லிமிடெட் என்று விற்கப்பட்ட பிளான். 25 ஜிபி தாண்டியதும் வேகம் இருநூறில் ஒரு பங்காகவோ அதற்கும் கீழாகவோ விழுந்தது. துறையினர் கெஞ்சிக் கேட்டபோது, அதிக விலைப் பிளானுக்கு மாறச் சொன்னார்கள். வீரர்கள் தங்கள் சொந்தக் கைபேசிகளை வைத்துச் சமாளித்திருக்கிறார்கள். அவசர காலத்தில் கட்டுப்பாட்டை நீக்குவதுதான் எங்கள் வழக்கம், வாடிக்கையாளர் சேவையில் தவறு நடந்துவிட்டது என்று பிறகு வெரைசன் ஒப்புக்கொண்டது. தவறு யாருடையதாக இருந்தாலும், விற்றபோது என்ன சொன்னார்கள் என்பது மட்டும் அந்த மலையடிவாரத்தில் யாருக்கும் உதவவில்லை.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கமும் இதே ஆசைதான். 2011 ஜனவரியில் பிரிட்டனின் டி-மொபைல், நியாயமான உபயோக அளவை 1 ஜிபி, 3 ஜிபி என்பதிலிருந்து ஒரே வீச்சில் 500 எம்பியாக இறக்குவதாக அறிவித்தது. ஒப்பந்தத்தின் நடுவில் இருப்பவர்களுக்கும் சேர்த்து. சில நாட்களிலேயே எதிர்ப்பு தாங்காமல், ஏற்கெனவே இருப்பவர்களுக்கு இது பொருந்தாது என்று பின்வாங்கியது. மக்கள் சத்தம் போட்டதும் அது வேலை செய்ததும் எனக்குப் பிடித்த பகுதி.

ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் கொண்டுவந்த மின்னணுத் தொடர்புச் சட்டத்தின் 105-ஆம் பிரிவு, கம்பெனி தானாக ஒப்பந்தத்தை மாற்றினால் குறைந்தது ஒரு மாதம் முன்பே அறிவிக்கவேண்டும், வாடிக்கையாளர் அபராதமில்லாமல் விலகிக்கொள்ளலாம் என்கிறது. நல்ல சட்டம். ஆனால் விலகும் உரிமை மட்டும் போதுமா என்ற கேள்வி எனக்கு இருக்கிறது. அந்தப் பிளான் வேறெங்கும் கிடைக்காது என்பதால்தான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். கதவு திறந்திருக்கிறது, போகலாம் என்றால், கம்பெனி விரும்புவதும் அதையேதானே?

விலை விஷயத்திலும் இதே வித்தை நடந்தது. 2017 ஜனவரியில் அமெரிக்க டி-மொபைல், உங்கள் கட்டணத்தை மாற்றும் அதிகாரம் உங்களுக்கு மட்டும்தான் என்று ஆரவாரமாக அறிவித்தது. 2024-இல் பழைய பிளான்களின் விலையை ஏற்றியது. பழைய அறிவிப்பை எடுத்துக் காட்டியவர்களுக்கு வந்த பதில், பழைய விளக்கக் குறிப்பில் இருந்த ஒரு வரி: விலையை ஏற்றி, அதனால் நீங்கள் விலகினால், கடைசி மாத பில்லை நாங்கள் கட்டுவோம். மேடையில் சொன்னது ஒன்று, வாக்குறுதி என்று அவர்கள் கணக்கில் இருந்தது இன்னொன்று.

ஒரு பிளானை என்றென்றைக்கும் நடத்தவேண்டும் என்று நான் கேட்கவில்லை. அலைக்கற்றை மாறும், தலைமுறை மாறும், 3ஜி டவர்களையே அணைத்துவிட்டார்கள். ஒருவர் கைபேசி பிளானை வைத்து ஒரு அலுவலகத்தையே நடத்தினால் அவரைத் தடுப்பதிலும் தவறில்லை. முடிக்கவேண்டுமென்றால் முடிப்பதாக எழுத்தில் சொல்லட்டும். எந்தத் தேதியில், ஏன், அதற்குப் பதில் என்ன என்று சொல்லட்டும். பல ஆண்டு முன்கூட்டியே பணம் கட்டிய விசுவாசத்துக்கு ஏதாவது திருப்பித் தரட்டும். அதுவரை விற்றதை விற்றபடி கொடுக்கட்டும். ஓடிக்கொண்டிருக்கும் பிளானின் வேகத்தையோ வசதியையோ குறைப்பதைப் பிளானை ரத்து செய்ததாகவே சட்டம் கணக்கில் எடுக்கவேண்டும். பெயர்ப்பலகை மாறவில்லை என்ற சாக்கு நீதிமன்றத்தில் நிற்கக்கூடாது.

உங்களிடம் இப்படி ஒரு பழைய பிளான் இன்னும் இருந்தால், இன்றே சில காரியங்களைச் செய்துவையுங்கள். கம்பெனியின் தளத்தில் உங்கள் பிளானின் விவரப் பக்கம் இன்னும் இருக்கிறதா என்று பார்த்து, தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அந்தப் பக்கங்கள் ஓசையில்லாமல் மறைந்துவிடும். பழைய பில்களை அவர்களுடைய செயலியில் மட்டும் விட்டுவைக்காமல் இறக்கிக்கொள்ளுங்கள். வேகம் விழுந்ததாகத் தோன்றினால் விடியற்காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று ஒரே இடத்தில் வேகச் சோதனை செய்து படமெடுத்து வையுங்கள். கூட்டமில்லாத நேரத்திலும் அதே எண் வந்தால் அது நெரிசல் இல்லை, யாரோ போட்ட பூட்டு. "புதிய விதிமுறைகளை ஏற்கிறேன்" என்று திரையில் வந்தால் படிக்காமல் அழுத்தவேண்டாம். கஸ்டமர் கேரில் பேசினால் புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள், முடிந்தவரை எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் வராவிட்டால் உங்கள் நாட்டின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்கோ நுகர்வோர் நீதிமன்றத்துக்கோ அந்தப் புகார் எண்ணோடு போங்கள். சிமி வேலிக்காரரும் தனியாளாகத்தான் போனார். என் புகாரும் எழுத்தில் போயிருக்கிறது, பதிலுக்குக் காத்திருக்கிறேன்.